கடன் வாங்கு, கணக்கை எழுது

கலையில் கலப்பு கூடாது, கடன் கூடாது என்று பேசுவது நம்ம வேலையில்லை. தூய்மை என்பது சாதியின் சொல். 1972இல் பம்பாயில் தலித் பாந்தர் இயக்கம் கண்ட நாம்தேவ் தசாலும் தோழர்களும் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் பெயரை எடுத்தார்கள். மறைக்கவில்லை, பெருமையோடு சொன்னார்கள். கொடுத்தவனும் அடிபட்டவன், வாங்கியவனும் அடிபட்டவன். அந்தக் கடனால் யாருடைய மேடையும் பறிபோகவில்லை.

மேலே இருக்கிறவன் கீழேயிருந்து எடுக்கும்போது என்ன நடக்கிறது? அதுதான் கேள்வி.

பாலவாக்கத்துக்குப் பக்கத்தில் திருவான்மியூரில் இருக்கிறது கலாக்ஷேத்ரா. அதை நிறுவிய ருக்மிணி தேவி 1935இல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறினார். யாரிடம் கற்றார்? மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும். கௌரி அம்மாள் கபாலீஸ்வரர் கோயில் தேவதாசி மரபில் வந்தவர். இந்தப் பெயர்களை யாரும் மறைக்கவில்லை. அப்புறம் என்ன குறை என்பீர்கள்.

குறை இதுதான். சதிர், பரதநாட்டியம் ஆனது. சிருங்காரம் கொச்சை என்று ஒதுக்கப்பட்டது. பொட்டுக்கட்டும் கொடுமை ஒழியத்தான் வேண்டும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதற்காகத்தான் போராடினார். 1947இல் சட்டமும் வந்தது. ஆனால் கொடுமையிலிருந்து விடுபட்ட பெண்களுக்கு மேடை மிஞ்சியதா? பாலசரஸ்வதி போல ஒருசிலரைத் தவிர, மேடை வேறு வீட்டுப் பெண்களுக்குப் போனது. குருவின் பெயர் வணக்கத்தில் நின்றது, குருவின் பேத்தி வாசலுக்கு வெளியே நின்றாள். அவர்கள் தலித்துகள் அல்லர். ஆனா பாடம் நமக்குமானது: பெயர் மட்டும் போதாது.

நம்ம கதைக்கு வருவோம். சாவு வீட்டில் அடித்தால் பறை தீட்டு. அதே அடி சினிமாவில் வந்தால் 'ஃபோக்'. நாம எடுத்தா காப்பி, அவங்க எடுத்தா இன்ஸ்பிரேஷன்.

2021 மார்ச்சில் வந்தது 'எஞ்சாய் எஞ்சாமி'. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து எடுத்தார் அறிவு. பாட்டுக்குள்ளேயே அவர் பெயரைச் சொல்லிக் கணக்கைத் தீர்த்தார். அந்தப் பாட்டு உலகம் சுற்றியது. அதே ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள். பிறகு அறிவுக்கு ஒரு அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அப்போது அவர் அமெரிக்காவில் இருந்தார் என்றார்கள். பிறகு அவரும் சந்தோஷ் நாராயணனும் விட்ட அறிக்கைகளில், யார் எதைச் செய்தது என்பதே வழக்காகிப்போச்சு. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது ஒருபுறமிருக்கட்டும். தன் பாட்டுக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டிய நிலை எப்போதும் ஏன் நம்ம ஆளுக்கே வருது?

நான் வங்கியில் குமாஸ்தா. ஒரு பக்கம் பற்று எழுதினால் இன்னொரு பக்கம் வரவு எழுதியாகணும். இல்லாவிட்டால் அன்றைய கணக்கை மூட முடியாது. கலைக்கு மூன்று பத்தி போடுங்கள்: பெயர், கூலி, மேடை. மூன்றிலும் எழுதினால் அது கடன். பெயரை மட்டும் எழுதினால் அது மரியாதை. ஒன்றையும் எழுதாவிட்டால் அது திருட்டு.

இந்தக் கணக்கு அவர்களுக்கு மட்டுமல்ல தோழர்களே. ஒப்பாரியை எடுத்து நவீன கவிதை எழுதுகிறோம், கானாவை எடுத்து மேடை நாடகம் போடுகிறோம். பாடிய கிழவி யார், எந்த ஊர் என்று தொகுப்பில் இருக்கிறதா? கலைவிழா வைக்கும் மாணவர்கள் பறை அடிப்பவரை அழைக்கும்போது சால்வையோடு நிறுத்தாதீர்கள். பேசிய கூலியைக் கையில் கொடுங்கள். நாற்காலி போடுங்கள். மைக்கையும் கொடுங்கள், அவரே பேசட்டும்.