இரத்த அழுத்த மாத்திரையும் நாம் அறியவேண்டிய எச்சரிப்புகளும்



பிழைப்பைத் தேடிச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்து குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மருந்துச் சீட்டுகள் இருப்பதுண்டு. ஒன்று வேலூரில் எழுதி வாங்கியது. மற்றொன்று இங்கே ரூயா அரசு மருத்துவமனையிலோ சுவிம்ஸ் மருத்துவமனையிலோ பெற்றது. இரண்டு சீட்டின் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேளாமல் சேர்த்து உட்கொள்ளுவது ஆபத்தானது.

டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான் ஒரு வகை. எனலாப்ரில், ராமிப்ரில் மற்றொரு வகை. இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் என்னும் பொருளின் செயலையே இரு வகைகளும் தடுக்கின்றன. 25,620 பேரிடம் நடத்தப்பட்டு 2008-ஆம் ஆண்டு வெளியான 'ஆன்டார்கெட்' ஆய்வில், டெல்மிசார்ட்டானையும் ராமிப்ரிலையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்குக் கூடுதல் நன்மை கிடைக்கவில்லை. மயக்கமும் சிறுநீரகக் கோளாறுமே மிகுந்தன.

இம்மாத்திரைகள் உடலில் பொட்டாசியத்தைத் தங்கச் செய்யும். சிறுநீரகம் நலமாயுள்ளவர்கள் வாழைப்பழத்திற்கும் இளநீருக்கும் அஞ்சவேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அவற்றின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கடைகளில் கிடைக்கும் 'சோடியம் குறைந்த உப்பு' பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்தது. சாதாரண உப்புக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பரிந்துரைத்தது. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கு அப்பரிந்துரை பொருந்தாது. இம்மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேட்ட பின்பே அதை வாங்குவது நல்லது. ஊறுகாயும் அப்பளமும் மிகுந்தால் மாத்திரையின் பலன் குறையும் என்பதையும் மறவாதிருங்கள்.

மூட்டுவலிக்கென்று மருந்துக் கடையில் தாமாகவே வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை உயர்த்தும். சிறுநீர் பிரியச் செய்யும் மாத்திரையும் உடன் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்படலாம்.

கோடை வெயிலில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ கண்டால் உடலில் நீர் வற்றும். அந்நாட்களில் மாத்திரையைத் தொடர்வதா, நிறுத்தி வைப்பதா என்று உடனே மருத்துவரைக் கேளுங்கள். உபவாசம் இருக்க விரும்புகிறவர்களும் முன்னதாகவே அவருடைய ஆலோசனையைப் பெறுவது அவசியம். கர்ப்பம் தரித்த சகோதரிகளுக்கு மேற்சொன்ன இரு வகைகளும் ஆகாது. அவை சிசுவைப் பாதிக்கும். ஆயினும் தாமாக நிறுத்திவிட்டு இராமல், தாமதமின்றி மாற்று மருந்து கேட்டுப் பெற வேண்டும்.

பிரியமானவர்களே, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உள்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் அளவுகளைப் பரிசோதிக்க வேண்டுமா என்றும் கேளுங்கள். பேச நாணவேண்டாம், பையை மேசையின்மேல் வைத்தாலே போதும்.