கிளாக்கர் போனார், கோப்பும் போனது

"அந்தத் தம்பி வேலையை விட்டுப் போயிட்டார் அம்மா. ஃபைல் எல்லாம் அவர்கிட்டதான். திரும்ப எல்லாத்தையும் கொண்டு வாங்க." பதுளையில் ஓர் அலுவலகத்தில் என் பெரியம்மாவுக்குக் கிடைத்த பதில் இது. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதி எடுக்க அலைகிறார். தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். அதைச் சரிசெய்ய சத்தியக் கடதாசி, தோட்டக் கடிதம், பிறப்புச் சான்றிதழ் என்று தேடித் தேடிக் கொடுத்ததெல்லாம் இப்போது யாருக்கும் எட்டாத இடத்தில் இருக்கிறது.

எட்டாமல் போன காரணம்தான் வயிற்றெரிச்சல். அவற்றை ஸ்கேன் செய்த அந்தக் கிளாக்கர் தன் சொந்த ஜிமெயிலில், தன் சொந்த கூகுள் டிரைவில் போட்டு வைத்திருக்கிறார். பாஸ்வேர்ட் அவருக்கு மட்டும் தெரியும். அதை மாற்றப் போனால் இரகசிய இலக்கம் அவருடைய போனுக்குத்தான் போகும். அவரோ வெளிநாட்டில். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படித்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். போவதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஊரார் ஆவணத்தை ஓர் ஆளின் சொந்தக் கணக்கில் வைக்க விட்ட மேலதிகாரியை என்ன சொல்வது? இரண்டு வருடம் யாரும் திறக்காத சொந்தக் கணக்கை கூகுளே அழித்துவிடலாம் என்பதாவது அவர்களுக்குத் தெரியுமா?

முன்பெல்லாம் தோட்டத்தில் துரை மாறினார், பெரிய கிளாக்கர் மாறினார். செக்ரோல் புத்தகம் தோட்டக் கந்தோரை விட்டு அசையவில்லை. புத்தகம் கந்தோருக்குச் சொந்தம் என்று அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கம்ப்யூட்டர் வந்ததும் அது எப்படி மறந்து போனது?

கொழும்பும் இதில் உத்தமமில்லை. 2023இல் அரசாங்கத்தின் மேகக் கணினிச் சேவை வைரஸ் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அமைச்சரவை அலுவலகத்தின் அஞ்சல்களும் அதில் அடக்கம். அந்த நாட்களுக்கு மாற்றுப் பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை தன் கடிதத்தை மறுபடி எழுதிக்கொள்ளும். தோட்டக் கடிதத்தில் இருந்த, இறந்துபோன கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைப் பெரியம்மா எங்கே போய் மறுபடி வாங்குவார்?

கடதாசி இல்லை என்பதற்காக எங்கள் மலையகத் தமிழ்ச் சனம் பட்டது கொஞ்சமல்ல. 1948இல் பறிபோன குடியுரிமையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பித்தவர்களில் எத்தனையோ பேர் அத்தாட்சி போதாதென்று தள்ளப்பட்டார்கள். 2003ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வரை அந்த இழுபறி முடியவில்லை. அப்படிப்பட்ட சனத்தின் ஆவணத்தையா இவ்வளவு அலட்சியமாக வைப்பது?

செய்ய வேண்டியது பெரிய வேலையுமில்லை. மின்னஞ்சல் பதவியின் பெயரில் இருக்கட்டும், ஆளின் பெயரில் வேண்டாம். கோப்புகள் நிறுவனத்தின் கணக்கில், நிறுவனத்துக்கே உரிய பொது டிரைவில் இருக்கட்டும். மீட்பு இலக்கம் அலுவலகப் போனுக்கு வரட்டும். நிர்வாகிப் பொறுப்பு இரண்டு பேரிடம் இருக்கட்டும். விலகுபவர் மேசைச் சாவியோடு கணக்குகளையும் எழுதி ஒப்படைத்த பிறகே அவரை விடுவிக்க வேண்டும். ஒப்படைத்த அன்றே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும்.

தோட்டத்து உறவுகளுக்கும் ஒரு வார்த்தை: எந்த அலுவலகத்திலும் மூலப் பத்திரத்தை விட்டு வராதீர்கள். கொடுத்த ஒவ்வொன்றுக்கும் முத்திரை குத்திய பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை.