பன்றிப் பண்ணையும் மருந்துக் கணக்கும்

நோயுற்ற விலங்குக்கு மருந்து தருவதை எவரும் குறை கூறார். நோயே இல்லாத விலங்குக்கு நாள்தோறும் தீவனத்தில் மருந்தைக் கலந்து ஊட்டுவது எவ்வாறு முறையாகும்? பல நாடுகளில் பன்றிப் பண்ணைகள் நெடுங்காலம் இவ்வாறே நடந்தன. சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்த தீவனத்தைத் தின்னும் பன்றி விரைவில் எடை கூடும் என்பதே காரணம்.

அந்தச் சிறிதளவே பெருந்தீங்காயிற்று. வலிமை குன்றிய பாக்டீரியாக்கள் மடிய, மருந்தைத் தாங்கவல்லவை பிழைத்துப் பெருகின. இறைச்சி, கழிவு, நீர், பண்ணையில் உழைப்போரின் கை எனப் பல வழிகளில் அவை மனிதரை வந்தடையும்.

டென்மார்க் நாட்டில் மக்களைவிடப் பன்றிகள் மிகுதி. அங்கே தீவனத்தில் அவோபார்சின் என்னும் மருந்து கலக்கப்பட்டு வந்தது. மருத்துவமனைகளில் கடைசிப் புகலாகக் கருதப்பட்ட வான்கோமைசினும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றைத் தாங்கப் பழகிய பாக்டீரியா மற்றதையும் தாங்கும். ஆகவே 1995இல் அவோபார்சின் தடை செய்யப்பட்டது. ஆயினும் பன்றிகளிடம் எதிர்ப்புத்திறன் உடனே குறையவில்லை. பண்ணைகளில் டைலோசின் என்னும் வேறொரு மருந்து தொடர்ந்து தரப்பட்டது. இரண்டையும் எதிர்க்கும் மரபணுக்கள் பாக்டீரியாவினுள் பிணைந்தே இருந்தன. டைலோசின் குறைந்த பின்னரே அந்த எதிர்ப்புத்திறனும் குறைந்தது. ஒரு மருந்தை மட்டும் விலக்கினால் போதும் என்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1999ஆம் ஆண்டு முடிவதற்குள், எடை கூட்டுவதற்காக மருந்து தரும் வழக்கம் அந்நாட்டில் நின்றது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டிகளுக்குக் கழிச்சல் மிகுந்தது. சிகிச்சைக்கான மருந்தும் கூடியது. இதை மறைத்தல் நேர்மையன்று. எனினும் அஞ்சியவாறு தொழில் அழியவில்லை. பன்றி உற்பத்தி பின்னரும் வளர்ந்தது.

தடையைவிட அங்கு மெச்சத்தக்கது கணக்கு. கால்நடை மருத்துவர் மருந்து விற்று ஈட்டும் இலாபத்திற்கு 1995இலேயே வரம்பு கட்டினர். 2000 முதல் எந்தப் பண்ணைக்கு எவ்வளவு மருந்து என்பது பதிவாகிறது. 2010இல், சராசரியைப் போல் இரு மடங்குக்கு மேல் மருந்து பயன்படுத்தும் பண்ணைக்குக் கால்பந்து ஆட்டத்தைப் போலவே மஞ்சள் அட்டை காட்டும் திட்டம் வந்தது! மருந்துப் பயன்பாடும் குறைந்தது.

2015இல் சீனாவில், கொலிஸ்டின் மருந்தை எதிர்க்கும் மரபணு பன்றிகளின் பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. அது ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவவல்லது. உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை இந்திய அரசும் 2019 ஜூலையில் தடை செய்தது. நல்ல முடிவே. ஆனால் ஆணையோடு நின்றுவிடாமல், பெரும்பண்ணைகளின் மருந்துக் கணக்கையும் கேட்டல் வேண்டும்.

அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இரண்டு மூன்று பன்றிகளை மட்டும் வளர்க்கும் எளிய குடும்பங்கள் பல உள்ளன. அவர்களுக்குத் தேவை அபராதமன்று. கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவரும் தடுப்பூசியுமே. குட்டி இன்னும் சில நாள் தாய்ப்பால் குடித்தால், கொட்டில் தூய்மையாகவும் உலர்ந்தும் இருந்தால் கழிச்சல் குறையும். இவற்றுக்குச் செலவு உண்டு. அதனை வளர்ப்போர் தலையில் மட்டும் சுமத்தாமல், இறைச்சி வாங்குவோரும் விலையில் சிறிது ஏற்றுக்கொள்வதே நியாயம்.