தடுக்கத் தெரிந்த வழிகாட்டிக்கு அதிகாரம் கொடுங்கள்

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவுக் கடலில் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு மிதந்த படங்கள் வெளிவந்த பிறகு, எங்கள் பக்கத்தில் விடுமுறைப் பேச்சே மாறிவிட்டது. ஊட்டி, மூணாறு என்று போய்க்கொண்டிருந்தவர்கள் இப்போது, "அகத்திக்குப் போய் ஆமை பாத்துட்டு வந்தீங்களா?" என்று விசாரிக்கிறார்கள். ஆனைமலையில் விடியற்காலையில் கிளம்பினால் பாலக்காடு, திருச்சூர் வழியாக மதியத்துக்குள் நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் போய்விடலாம். அங்கிருந்து சிறிய விமானத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம். நுழைவு அனுமதியை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

நாங்களும் குடும்பத்தோடு போய்வந்தோம். வந்ததிலிருந்து ஒரே எண்ணம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. காட்டுயிர் பார்க்கும் சுற்றுலாவில் வழிகாட்டிக்கு நாம் கொடுத்திருக்கும் இடம் சரியில்லை. எவ்வளவு கிட்டத்தில் கொண்டுபோய்க் காட்டுகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று பாராட்டுகிறோம். உண்மையில் அவருடைய முதல் வேலை நம்மை எட்ட நிறுத்துவது. அந்த வேலைக்குத்தான் அவருக்குக் கூலியும் அதிகாரமும் கிடைக்க வேண்டும்.

எனக்கு இதில் நேரடி அக்கறை உண்டு. வேட்டைக்காரன்புதூருக்கும் சேத்துமடைக்கும் நடுவில் எங்கள் தென்னந்தோப்பு இருக்கிறது. டாப்சிலிப் போகிறவர்கள் தங்கட்டும் என்று தோப்புக்குள் இரண்டு அறைகள் கட்டி விட்டிருக்கிறோம். வருகிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேட்பது, "யானையக் கண்டிப்பாப் பாக்க முடியுங்களா?" என்று. அடுத்த கேள்வி, "எவ்வளவு பக்கத்துல?" அகத்தியின் படகுத்துறையிலும் இதே இரண்டு கேள்விகள் காதில் விழுந்தன. யானைக்குப் பதில் ஆமை, அவ்வளவுதான்.

அகத்தி சுமார் ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள ஒல்லியான பவளத் தீவு. தூரத்தில் பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால், உள்ளே இருக்கும் காயல் ஆழம் குறைந்து தெளிவாகக் கிடக்கிறது. எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தத் தீவிலேயே பிறந்த மீனவர் வீட்டு இளைஞர். அவர் பேசியது மலையாளம். பாலக்காட்டு எல்லையில் வாழும் எங்களுக்கு அது புரியாத பாஷை இல்லை. முகமூடிக் கண்ணாடியில் எச்சில் தடவிக் கழுவச் சொன்னார். தண்ணீருக்குள் ஆவி படியாது. பிறகு படகை நிறுத்திவிட்டு விதிகளைச் சொன்னார். ஆமைக்கு நேர் மேலே நீந்தக் கூடாது, பக்கவாட்டில்தான் இருக்க வேண்டும். அது நகர்ந்தால் பின்னால் போகக் கூடாது. பவளத்தில் கால் ஊன்றக் கூடாது. ஆமை தலையைத் தூக்கினால் மூச்செடுக்க வருகிறது என்று அர்த்தம், எல்லோரும் இருந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். சொல்லி முடித்ததும், அதை எங்கள் ஒவ்வொருவரையும் திருப்பிச் சொல்ல வைத்தார்.

கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகியவள் நான். உப்புத் தண்ணீரில் உடம்பு தானாகவே மிதப்பதற்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. பழகிய பிறகு கீழே பார்த்தால், கடற்புல் மேல் வயிறு படியக் கிடந்தது ஒரு பேராமை. முன்துடுப்பால் மணலை ஒதுக்கிவிட்டு, புல்லின் நுனியை மட்டும் கடித்துக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. ஓட்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகச் சிறு சிப்பிகள் ஒட்டியிருந்தன. கன்னத்துச் செதில்களின் அமைப்பு ஒவ்வொரு பேராமைக்கும் வேறு வேறு என்பதால், ஆய்வாளர்கள் முகத்தைப் படமெடுத்து வைத்தே ஆளை அடையாளம் காண்கிறார்கள். சற்று நேரம் கழித்து அது புல்லை விட்டுவிட்டு அவசரமில்லாமல் மேலே வந்தது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு வெளியே தெரிந்தது. புஸ் என்று ஒரு மூச்சு. அடுத்த நொடி மறுபடியும் அதே புல்லுக்கு இறங்கிவிட்டது.

அடுத்த முறை அது மேலே வந்தபோதுதான் சிக்கல். எங்கள் படகில் இருந்த ஒருவர் குச்சியில் மாட்டிய கேமராவை நீட்டிக்கொண்டு, ஆமையின் ஓட்டைப் பிடிக்கப் பாய்ந்தார். வழிகாட்டி குறுக்கே புகுந்து, அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்து நிறுத்தினார். ஆமை திசை மாறி வேறு பக்கமாகப் போய்விட்டது. மேலே வந்ததும் அந்த மனிதர், "ஏனுங்க, இத்தன காசு குடுத்து வந்தது எட்ட நின்னு பாக்கறதுக்குங்களா?" என்று சத்தம் போட்டார். பேச்சிலிருந்து நம் பக்கத்துக்காரர் என்று தெரிந்தது. வழிகாட்டி வாதாடவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் படகைக் கரைக்குத் திருப்பிவிடுவேன் என்று மட்டும் சொன்னார். ஆனால் கரைக்கு வந்ததும், பயணத்தை ஏற்பாடு செய்தவரிடம் திட்டு வாங்கியது அந்த இளைஞர்தான். விருந்தாளியை முகம் சுளிக்க வைக்கலாமா என்று எங்கள் முன்னாலேயே கேட்டார்கள். விதியை மீறியவருக்குச் சமாதானம், விதியைக் காத்தவருக்கு ஏச்சு. இதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அந்த வழிகாட்டி காத்தது சின்ன விஷயமில்லை. ஆமை கடலில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. மேலே வரும் வழியை ஆட்கள் மறித்தால், மூச்செடுக்காமலேயே மீண்டும் கீழே இறங்க வேண்டிவரும். சென்னைக் கடற்கரையில் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டோம். இழுவலையில் மாட்டும் ஆமை சாவது வலையின் காயத்தால் அல்ல, மேலே வந்து மூச்செடுக்க வழியில்லாமல். சுற்றுலாப் பயணி வலை வீசுவதில்லைதான். ஆனால் நாள் முழுக்கப் படகு படகாக ஆட்கள் வந்து சூழ்ந்தால், மேய்ச்சலும் மூச்சும் ஓய்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்.

சட்டமும் ஆமையின் பக்கம்தான் இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், நம் கடலுக்கு வரும் ஐந்து வகை ஆமைகளும் முதல் அட்டவணையில் உள்ளன. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதேதான் இவற்றுக்கும். அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் விளக்கத்துக்குள் கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் விரட்டுவதும் இரை காட்டி இழுப்பதும் அடங்கும். தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை. 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இவ்வளவு வலுவான சட்டம் கையில் இருந்தும், நடுக்கடலில் அதைச் சொல்லும் ஒரே ஆள் அந்த வழிகாட்டி. ஹவாய்த் தீவுகளில் ஆமையிடமிருந்து குறைந்தது 10 அடி தள்ளி நில்லுங்கள் என்று அமெரிக்க அரசே அறிவுறுத்துகிறது. நம் பயணிகளுக்கும் இப்படி ஓர் அளவை அரசே சொல்லிவிட்டால், அதைக் காட்டி வழிகாட்டியால் துணிந்து பேச முடியும்.

தடுக்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் சாலையோரம் வந்து உட்காருகின்றன. உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழும் குரங்கு அது. மரத்தின் உச்சியிலேயே காலம் கழிக்க வேண்டியது. காரில் போகிறவர்கள் சிப்ஸும் பிஸ்கட்டும் வீசி வீசி அதைத் தார்ச்சாலைக்கு இறக்கிவிட்டார்கள். வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்ட வேண்டியதாயிற்று. 2023 ஜனவரியில், வால்பாறை மலைப்பாதையில் வரையாட்டின் கொம்பைப் பிடித்து விளையாடிய இருவரை வனத்துறை கைது செய்தது. இலங்கையின் ஹிக்கடுவையில், கரைக்கே வரும் ஆமைகளுக்குப் பயணிகள் பாசியை ஊட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஊட்டுகிறவருக்குக் கருணை என்று தோன்றலாம். ஆனால் மனிதனைக் கண்டு விலகும் பயத்தை இழந்த காட்டுயிருக்கு, அதன்பின் ஆபத்துதான்.

இந்த விஷயத்தில் இன்னொரு தரப்பும் இருக்கிறது. அந்த உயிரோடு வருஷம் முழுக்க வாழ்கிற உள்ளூர் மக்கள். அகத்தியில் பேராமைகள் பெருகியபோது, காயலில் இருந்த கடற்புல்லை அவை ஒட்ட மேய்ந்துவிட்டன. அந்தப் புல்லுக்குள்தான் மீன் குஞ்சுகள் வளரும். புல் போனதால் மீன் குறைந்துவிட்டது என்று மீனவர்கள் ஆமை மீது கோபப்பட்டார்கள். இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்கள் மைசூருவைச் சேர்ந்த என்.சி.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள். எங்கள் வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் அதே அமைப்புதான். ஆமையால் மீன் போச்சு என்கிற அகத்திக்காரரும், யானையால் தென்னை போச்சு என்கிற சேத்துமடைக்காரரும் ஒரே நியாயத்தைத்தான் கேட்கிறார்கள். பார்க்க வருகிறவனுக்குச் சந்தோஷம், கூட வாழ்கிறவனுக்கு நஷ்டம் என்று இருந்தால், அந்தப் பாதுகாப்பு நிலைக்காது.

அதனால்தான் வழிகாட்டி உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்கிறேன். டாப்சிலிப்பில் மலசர், காடர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் முன்னால் நடந்தால், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்த அடி வைப்பார்கள். அவர்கள் கையை உயர்த்தி நில் என்றால் நின்றுவிட வேண்டும்; ஏன் என்ற கேள்வியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். கோவை மாவட்டத்திலேயே காரமடைக்கு மேலே பரளிக்காட்டில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் பரிசல் பயணம். சமைத்துப் பரிமாறுவது மலைக் கிராமத்துப் பெண்கள். ராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுவதும் அந்த ஊர் மீனவ மக்களோடு சேர்ந்துதான். கூட்டம் குறைவு, வருமானம் ஊருக்கு. இரண்டு இடத்திலும் உள்ளூர்க்காரருக்குத் தன் இடத்தைக் காப்பதில் ஒரு பிடிப்பு இருக்கிறது.

இனி செய்ய வேண்டியது என்ன? ஒன்று, வழிகாட்டிக்கு அரசு பயிற்சியும் உரிமமும் கொடுத்து, அவருடைய ஊதியத்தை நிர்ணயிக்க வேண்டும். அன்பளிப்பையும் இணையத்தில் போடும் நட்சத்திரத்தையும் நம்பி வாழும் வரை அவரால் யாரையும் தடுக்க முடியாது. இரண்டு, விதியை மீறினால் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் வேண்டும். அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கவோ கூலியைப் பிடிக்கவோ கூடாது. மூன்று, ஒரு நேரத்தில் எத்தனை படகு, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்று உச்சவரம்பு வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்திருக்கிறோம், மலையின் தாங்கும் திறனைக் கணக்குப் போடுகிறோம். கடலுக்கும் அந்தக் கணக்கு தேவை. நான்கு, கட்டணத்தில் ஒரு பங்கு அந்த ஊர் மீனவர்களுக்கோ மலைக் கிராமத்துக்கோ நேரடியாகப் போய்ச்சேர வேண்டும்.

இவற்றைச் செய்ய வேண்டிய நேரம் இதுதான். ஆமைகள் முட்டையிட வரும் சுஹேலித் தீவிலும், கத்மத்திலும் பெரிய விடுதிகள் வருவதாக 2023-லேயே அறிவிப்பு வந்துவிட்டது. விடுதி நிறைந்த பிறகு விதி எழுதுவது நடக்காத காரியம். தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா நம்முடையது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த மாநிலம் நாம். கடல்பசுவும் ஆமையைப்போல் புல் மேய்ந்து, மேலே வந்து மூச்சு விடும் உயிர்தான். அதைக் காட்டுகிறோம் என்று முதல் சுற்றுலாப் படகு கிளம்புவதற்கு முன் விதிகள் தயாராக இருக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த விடுமுறைக்கு முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். வழிகாட்டி அந்த ஊர்க்காரரா? ஒருவருக்கு எத்தனை பேர்? யாராவது விலங்கைத் தொட்டால் என்ன செய்வீர்கள்? "கண்டிப்பாத் தொடலாங்க" என்று ஆசை காட்டுகிற இடத்தில் பணம் கட்டாதீர்கள். உங்கள் கண்ணெதிரே ஒரு வழிகாட்டி யாரையாவது தடுத்தால், அவருக்கு ஆதரவாக அங்கேயே வாய்திறந்து பேசுங்கள். ஊர் திரும்பியதும், அவர் தடுத்ததற்காகவே அவரைப் பாராட்டி நாலு வரி எழுதிப் போடுங்கள். முதலாளியின் கண்ணில் அந்தப் பாராட்டுப் படும்போதுதான் அவருடைய வேலை நிலைக்கும்.