‘அல்ஹாஜ்’ என்னும் பட்டத்தின் நிழலில்



நம்முடைய மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் நம்மிடம் வந்து கேட்டார்: “ஹஜ்ரத், இடி அமீன் பெயரைச் சொல்லும்போது ‘ரஹிமஹுல்லாஹ்’ என்று சேர்த்துக்கொள்ளலாமா?” எதற்காகக் கேட்கிறார் என்று விசாரித்தோம். ‘தி லாஸ்ட் கிங் ஆஃப் ஸ்காட்லாந்து’ என்ற ஆங்கிலப் படத்தை மாணவர்கள் சிலர் கைப்பேசியில் பார்த்திருக்கின்றனர். பார்த்தவர்களிடையே வாக்குவாதம் மூண்டிருக்கிறது. ஒரு முஸ்லிம் ஆட்சியாளரை இழிவுபடுத்த மேற்குலகம் எடுத்த படம் என்பது பெரும்பாலோரின் தீர்ப்பு. மறுத்துப் பேசியவர் ஒரே ஒருவர். அவரைத்தான் ‘காஃபிர்களுக்கு வக்காலத்து வாங்குகிறாய்’ என்று மற்றவர்கள் வாயடைத்திருக்கின்றனர்.

படம் பார்ப்பது கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே விரிக்கப் போவதில்லை. இந்தப் படத்தில் மார்க்கம் அனுமதிக்காத காட்சிகள் உண்டு. பிள்ளைகள் பார்க்கத் தகாத கொடூரமும் உண்டு. எவரையும் பார்க்குமாறு நாம் பரிந்துரைக்கவில்லை. ஆயினும், பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது அறிவுடைமை ஆகாது என்பதால், முகம் திருப்ப வேண்டிய இடங்களில் திருப்பிக்கொண்டு, நாம் அதைப் பார்த்தோம். படத்தைவிட நம் மாணவர்களின் தீர்ப்பே நம்மை அதிகம் கலங்கச் செய்தது.

கைல்ஸ் ஃபோடன் என்பவர் 1998இல் எழுதிய நாவலைத் தழுவி 2006இல் வெளிவந்த படம் இது. அமீனாக நடித்த ஃபாரெஸ்ட் விட்டேக்கருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. அமீனின் அந்தரங்க மருத்துவராக வரும் ஸ்காட்லாந்து இளைஞர் கற்பனைப் பாத்திரம். அமீனின் மனைவி கேயுடன் அந்த இளைஞருக்கு ஏற்படும் உறவும் கற்பனையே. கே 1974இல் இறந்ததும், அவருடைய உடல் உறுப்புகள் துண்டிக்கப்பட்ட நிலையில் கிடைத்ததும் உண்மை. படம் சொல்லும் காரணம் உண்மையன்று. இறந்துபோன ஒரு பெண்ணின் மீது நடவாத ஒன்றைச் சுமத்தியது நம் பார்வையில் பெருங்குற்றம். உகாண்டா மக்களின் துயரத்தைச் சொல்ல ஒரு வெள்ளைக்கார இளைஞனின் கண்கள்தாம் தேவைப்பட்டன என்பதும் குறையே. இவற்றைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கு உண்டு.

ஆனால் ‘முஸ்லிம் என்பதால் இழிவுபடுத்தினார்கள்’ என்னும் வாதம் எங்கிருந்து வந்தது? படம் அவருடைய மார்க்கத்தைப் பெரிதாகப் பேசவே இல்லை. பேசியவர் அமீன்தான். தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பட்டங்களின் வரிசையில் ஃபீல்டு மார்ஷலுக்கும் டாக்டருக்கும் நடுவே ‘அல்ஹாஜ்’ என்பதைச் செருகிவைத்தவர் அவர். அதே வரிசையில் இன்னும் கொஞ்சம் தள்ளி, பூமியின் விலங்குகளுக்கும் கடலின் மீன்களுக்கும் தாமே அதிபதி என்கிறார். அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய அதிகாரத்தை ஒரு மனிதன் தன் பெயரோடு ஒட்டிக்கொள்கிறான். இதைக் கேட்டு உடல் நடுங்க வேண்டிய மதரஸா மாணவர்கள் அவருக்காக ரோஷப்படுகின்றனர். அகீதா பாடத்தில் நாம் எதைத்தான் கற்பித்தோம் என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தோம்.

‘மேற்குலகின் எதிரி’ என்ற புகழுரையையும் சற்று உரசிப் பார்ப்போம். 1946இல் பிரிட்டிஷாரின் ‘கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ்’ படையில் சேர்ந்தவர் அமீன். கென்யாவில் வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாவ் மாவ் போராளிகளை ஒடுக்கச் சென்ற படையில் அவரும் இருந்தார். உகாண்டாவின் விடுதலைக்குச் சற்று முன்னர் 1962இல், அவர் தலைமையில் சென்ற வீரர்கள் துர்க்கானா பழங்குடியினரைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தபோதும் அவர் மீது வழக்கு நடத்தப்படவில்லை. 1971 ஜனவரி 25இல் மில்டன் ஒபோட்டேயின் ஆட்சியைக் கவிழ்த்து அவர் பதவியைப் பிடித்தபோது மகிழ்ந்து வரவேற்றது யார்? பிரிட்டன். அவரோடு நெருங்கிய உறவு வைத்திருந்தது யார்? இஸ்ரேல். மறு ஆண்டில் உறவு கசந்த பின்னரே அவர் இஸ்ரேலியரை வெளியேற்றினார். அதன் பின்னரே ‘பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தை வென்றவர்’ என்ற பட்டமும் வந்து சேர்ந்தது. இந்த வரலாற்றில் மேற்குலகுக்கு வெட்கப்பட நிறைய இருக்கிறது. நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

பலஸ்தீனுக்காக நின்றாரே என்பர் சிலர். பலஸ்தீன மக்களின் உரிமையில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 1976இல் எண்டெபி விமான நிலையத்தில் இஸ்ரேலியப் படை பிணைக் கைதிகளை மீட்டுச் சென்ற பின், கம்பாலா மருத்துவமனையில் சிகிச்சைக்காக இருந்த டோரா ப்ளாக் என்ற, எழுபது வயதைக் கடந்த மூதாட்டியை இழுத்துச் சென்று கொன்றனர் அமீனின் ஆட்கள். போர்க்களத்திலேயே பெண்களைக் கொல்லக் கூடாதென்று தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நோயுற்ற ஒரு கிழவியைக் கொன்று பலஸ்தீனுக்கு என்ன வாங்கித் தந்தார் அமீன்?

அவர் ஆட்சியில் கொல்லப்பட்டோர் 3 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சிலர் 1 லட்சம் என்பர், சிலர் 5 லட்சம் என்பர். ஆட்சிக்கு வந்த முதல் ஆண்டிலேயே அச்சோலி, லாங்கி இனத்துப் படைவீரர்கள் முகாம்களுக்குள்ளேயே கொன்று குவிக்கப்பட்டனர். 1972இல் தலைமை நீதிபதி பெனடிக்டோ கிவானூக்கா நீதிமன்றத்திலிருந்தே இழுத்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1977இல் பேராயர் ஜனானி லுவூம் இரண்டு அமைச்சர்களோடு கொல்லப்பட்டார்; கார் விபத்து என்று அரசு அறிவித்தது.

அதே 1972இல் ஆசியர்கள் 90 நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவிட்டார். கனவில் இறைவன் அப்படிக் கட்டளையிட்டதாகக் காரணமும் சொன்னார். கனவு ஷரீஅத்தில் ஆதாரமாகாது என்பது ஃபிக்ஹின் ஆரம்பப் பாடம் அறிந்தவருக்கும் தெரியும். பிரிட்டனில் மட்டும் ஏறத்தாழ 27,000 பேர் தஞ்சம் புகுந்தனர். கடையையும் வீட்டையும் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு விமானம் ஏறியவர்களில் இந்துக்கள் இருந்தனர். இஸ்மாயிலிகளும் போராக்களும் குஜராத்தி சுன்னி முஸ்லிம்களும் இருந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற சொத்துகளைப் படை அதிகாரிகளும் ஆட்சிக்கு வேண்டியவர்களும் பங்கிட்டுக்கொண்டனர். அந்த விமானங்களில் ஏறிய முஸ்லிம்களைப் பற்றி நம் மாணவர்களுக்கு ஒரு சொல்லும் தெரிந்திருக்கவில்லை. சாவியைப் பிடுங்கியவரின் பெயர் மட்டும் தெரிந்திருந்தது.

இதைவிடக் கொடியது பின்னால் நடந்தது. 1979இல் தான்சானியப் படை முன்னேறி வந்ததும் அமீன் லிபியாவுக்குத் தப்பி ஓடினார். விமானம் ஏற வழியில்லாத உகாண்டா முஸ்லிம்கள் ஊரிலேயே இருந்தனர். நாட்டில் சிறுபான்மையினரான அவர்கள் மீது, குறிப்பாக மேற்குப் பகுதிகளில், பழிவாங்கல் விழுந்தது. அமீனின் ஆள்கள் என்று முத்திரை குத்தப்பட்டு, அவர் முகத்தைக்கூட நேரில் கண்டிராத ஏழை முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். கொன்றவர்கள் செய்தது அநியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முத்திரையை எட்டு ஆண்டுகள் செதுக்கிக்கொடுத்தவர் யார்? ‘அல்ஹாஜ்’ என்று தம் பெயருக்கு முன் எழுதிக்கொண்டவர் அல்லவா? இந்த ஜனாஸாக்களைப் பற்றிப் படத்தில் ஒரு காட்சியும் இல்லை. படத்தை எதிர்த்து வசைபாடும் நம்மவர்களின் பேச்சிலும் இல்லை. முன்னது அறியாமை என்று விட்டுவிடலாம். பின்னதற்கு நாம் என்ன பெயர் வைப்பது?

பள்ளிவாசல் கட்டினாரே என்றும் ஒருவர் எழுந்தார். கம்பாலாவின் பழைய குன்றின் மீது தேசியப் பள்ளிவாசலுக்கு வேலை தொடங்கியது அமீன் காலத்தில்தான். பல ஆண்டுகள் அது அரைகுறையாகக் கிடந்து, பின்னர் கடாஃபியின் பணத்தால் நிறைவடைந்தது. இன்று அங்கே தொழுகின்றனர். தொழட்டும், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் கட்டடம் கட்டியவனின் இரத்தக்கறையைக் கட்டடம் கழுவிவிடுமா? மதீனாவிலேயே தீய நோக்கத்தோடு எழுப்பப்பட்ட மஸ்ஜிதுள் ளிராரை இடிக்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள் என்பதை இதே மாணவர்கள் தஃப்ஸீர் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கின்றனர்.

நீதிக்குச் சாட்சி சொல்லும்போது அது நமக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகப் போனாலும் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 135ஆம் வசனம் கட்டளையிடுகிறது. நம் ஜும்ஆ மேடைகளில் அது அடிக்கடி ஓதப்படுகிறது. எப்போதும் பிறரை நோக்கி. பிறர் நம்மைக் கொல்லும்போது உலகத்தின் மனசாட்சி எங்கே என்று கேட்கிறோம். நம் பெயர் தாங்கிய ஒருவர் பிறரைக் கொல்லும்போது ‘இது சதி’ என்கிறோம். அநியாயம் செய்யும் சகோதரனுக்கும் உதவ வேண்டும், அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அந்த உதவி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியிருக்க, கையைப் பிடிக்காத நாம் அவனுடைய கறையைத் துடைக்கத் துணியோடு ஓடுகிறோம்.

கொடுங்கோலனின் கதையைக் கேட்பதே ஈமானுக்கு இடைஞ்சல் என்றால், ஃபிர்அவ்னின் பெயரைக் குர்ஆன் எழுபதுக்கும் மேற்பட்ட தடவை ஏன் சொல்ல வேண்டும்? அவனுடைய அரசவையிலேயே ஈமானை மறைத்து வாழ்ந்த ஒருவர், மூஸா (அலை) அவர்களைக் கொல்ல ஆலோசனை நடந்தபோது எழுந்து நின்று வாதாடியதை அல்முஃமின் அத்தியாயம் சொல்கிறது. படத்தில் வரும் மருத்துவர் அந்த மனிதருக்கு நேர்மாறானவர். அமீனின் சிரிப்பில் மயங்குகிறார். பரிசாகக் கிடைத்த காரில் சுற்றுகிறார். மக்கள் காணாமல் போகும் செய்தி காதில் விழுந்தும் நம்ப மறுக்கிறார். உணர்ந்தபோது அவர் கையிலும் இரத்தம் ஒட்டியிருக்கிறது. பார்த்த மாணவர்களில் எவரும் இந்த மருத்துவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. நமக்கோ படம் முழுவதும் அவரைப் பற்றியதாகவே தோன்றியது.

அமீன் இறுதியில் சவூதி அரேபியாவில் அடைக்கலம் பெற்று, எந்த நீதிமன்றப் படியும் ஏறாமல், 2003 ஆகஸ்ட் 16இல் ஜித்தாவில் இறந்தார். புனித பூமியைக் காவல் காக்கும் நாடு அவருக்கு வீடு கொடுத்துப் பராமரித்தது என்பதை எழுதும்போது நம் பேனா கூசுகிறது. இருப்பினும் எழுதுகிறோம்.

மாணவருக்கு என்ன பதில் சொன்னோம்? ஷஹாதா மொழிந்து இறந்த எவருக்கும் ரஹ்மத்தை வேண்டுவதை நாம் தடுக்க இயலாது. அவருடைய முடிவு அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆனால் அடியார்களின் ஹக்கை அந்த அடியார்கள் மன்னிக்காதவரை ஹஜ்ஜும் அழிக்காது என்றோம். தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு மறுமையில் வந்து, தான் அடித்தவருக்கும் இரத்தம் சிந்தியவருக்கும் அவற்றையெல்லாம் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையாய் நிற்கும் முஃப்லிஸைப் பற்றிய ஹதீஸை வாசிக்கச் சொன்னோம். மறுநாள் வகுப்பில், வாயடைக்கப்பட்ட அந்த ஒரு மாணவரை முன்வரிசையில் அமர வைத்து, அந்த ஹதீஸை அவரையே ஓதச் சொன்னோம். அவர் ஓதி முடிக்கும்வரை எவரும் தலை நிமிரவில்லை.