கிழங்கறை வியர்ப்பதும் கதவு திறக்கும் வேளையும்

நீலகிரி மலையில் கடைபோக உருளைக்கிழங்கை மார்கழி, தை மாதங்களில் தோண்டி எடுத்து, அதில் ஒரு பங்கைச் சித்திரையில் நடவேண்டிய கார்போகத்திற்கு விதையாக நிறுத்திவைப்பது நிலச்சொந்தக்காரர் அறிந்த வழக்கமே. சரிவில் கட்டப்பட்ட வீடுகளில், ஒரு பக்கம் மண்ணுக்குள் புதைந்து நிற்கும் கீழறையைப் பலரும் இதற்கு உபயோகிக்கின்றனர். அறை குளிர்ச்சியானது, வாடகையும் இல்லை. ஆனால் தை பிறந்து சில நாட்களுக்குள் மேல்தளத்தில் முத்து முத்தாக நீர் கோத்துச் சொட்டுகிறது, சாக்குகள் நனைகின்றன, மாசியில் அறையைத் திறந்தால் அழுகல் நாற்றம் முகத்தில் அடிக்கிறது. விதைக்கிழங்கு விற்கும் விலையில் இந்த நஷ்டம் சிறிதன்று.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் கையாளப்படுகின்றன. வெயில் ஏறிய நடுப்பகலில் கதவை விரியத் திறந்து வைப்பது ஒன்று. இரவில் கரியடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ அறைக்குள் வைப்பது மற்றொன்று. இரண்டும் ஆகாதவை என்பதே என் அபிப்பிராயம்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறியவேண்டும். கிழங்கு உயிருள்ள பொருள். எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். அது மூச்சுவிடுகையில் உஷ்ணத்தையும் நீராவியையும் வெளிவிடுகிறது. அந்த ஆவி மேலெழுந்து, இரவில் குளிர்ந்துபோன தகரத்தையோ தளத்தையோ தொட்டவுடன் நீராகிறது. சூடான காற்று மிகுதியான ஆவியைத் தாங்கும். குளிர்ந்த காற்று தாங்காது. ஒரு கனமீட்டர் காற்று 20 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 17 கிராம் ஆவியைக் கொள்ளும். 10 டிகிரியில் 9 கிராமுக்குச் சற்று மேல். 5 டிகிரியில் 7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது.

மேகமூட்டமான ஒரு நடுப்பகலில் 20 டிகிரியில் 12 கிராம் ஆவியைச் சுமந்துவரும் காற்றை உள்ளே விட்டால், 10 டிகிரியில் இருக்கும் சுவரின்மேலும் கிழங்கின்மேலும் அது கனமீட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேற்பட்ட நீரைக் கொட்டிவிட்டுப் போகும். அறையை உலர்த்துவதாக எண்ணி நாமே நீர் இறைக்கிறோம். வறண்ட காற்று வீசும் நாளில் இப்படி நேராமல் இருக்கலாம். எனினும் குவியல் சூடேறும். சூடேறிய கிழங்கு அன்றிரவே அதிகமாக மூச்சுவிட்டுத் தளத்தை மீண்டும் நனைக்கும், முளையும் முந்திக்கொள்ளும்.

விடியற்காலையின் 5 டிகிரிக் காற்றோ, மூடுபனியாய் நம் கண்ணுக்கு ஈரமாகத் தோன்றினாலும், உள்ளே வந்து 13 டிகிரிக்குச் சூடாகும்போது தான் கொள்ளக்கூடியதில் அறுபது சதவிகிதமே ஆவியை உடையதாகிறது. ஆகவே அது அறையின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. "மூடுபனியை வீட்டுக்குள் விடுவதா?" என்று பெரியவர்கள் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்துப் பகல் மூடுபனி வேறு. அது வெதுவெதுப்பானது, அதற்குக் கதவைச் சாத்தத்தான் வேண்டும். காற்று ஈரமா உலர்ந்ததா என்று பார்ப்பதைவிட, கிழங்கைக் காட்டிலும் குளிர்ந்ததா என்று பார்ப்பதே சரி. குவியலுக்குள் ஓர் உஷ்ணமானி, வெளியே நிழலில் ஓர் உஷ்ணமானி தொங்கவிட்டால் யூகத்திற்கு இடமில்லை. வெளிக்காற்று மூன்று நான்கு டிகிரியாவது குறைந்திருந்தால் திறக்கலாம், கூடியிருந்தால் சாத்திவிடவேண்டும்.

இதற்கு விலக்கு ஒன்று உண்டு. பள்ளத்தாக்கில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாய்ப் படியும் இரவுகளில் துவாரங்களை அடைத்துவிடவேண்டும். உறைந்த கிழங்கு விதைக்கு உதவாது. பொழுது விடிந்து உறைபனி உருகத் தொடங்கும்போது திறந்து, வெயில் உறைக்குமுன் சாத்தினால் போதும்.

அடுப்பு விஷயத்தில் நயமாகச் சொல்ல என்னால் இயலவில்லை. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக அறைக்குள்ளேயே சேர்கிறது. கரியடுப்பு நீரைத் தராவிடினும், மூடிய அறையில் மணமும் நிறமுமற்ற நச்சுவாயுவை உண்டாக்குகிறது; காவலுக்குப் படுத்தவன் எழுந்திராமலே போகக்கூடும். பிராணவாயு குறைந்த அறையில் கிழங்கின் உட்புறமும் கறுத்துப்போகும்.

நனைந்த கிழங்கு ஏன் அழுகுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. மேல்தோலின் நுண்துளைகளை நீர்ப்படலம் மூடிவிட, கிழங்குக்குக் காற்று கிடைப்பதில்லை. அப்போது ஈரழுகல் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் எளிதில் உட்புகுகின்றன. ஆகையால் சொட்டும் நீர் கிழங்கைத் தொடாமல் தடுப்பதே பாதி வேலை. குவியலின்மேல் ஒரு முழக் கனத்திற்கு உலர்ந்த வைக்கோலையோ புல்லையோ பரப்பினால் நீர் அதில் தங்கும். நனைந்ததை எடுத்து வெயிலில் காயவைத்து மாற்றவேண்டும். தகரக் கூரைக்குக் கீழே மூங்கில் தட்டி கட்டி, அதன்மேல் காய்ந்த புல் பரப்புவது இன்னும் மேல். சாக்குகளைச் சுவரில் சாய்க்காமல் ஒரு சாண் விலக்கி, தரையில் மரச்சட்டம் போட்டு அடுக்கவேண்டும்.

சில அறைகளில் குற்றம் வியர்வையன்று, மண்பக்கத்துச் சுவரின் ஊற்றேயாகும். இதைக் கண்டறிய, ஒரு கண்ணாடித்துண்டைச் சுவரோடு ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் களிமண் பூசி இரண்டு நாள் விட்டுவிடுக. முன்பக்கம் நனைந்தால் வியர்வை. பின்பக்கம் நனைந்தால் ஊற்று. ஊற்றுக்கு வெளிப்புறத்தில் வடிகால் வெட்டவேண்டுமேயன்றி, உள்ளே எத்தனை முறை சிமெண்டு பூசினும் பயனில்லை. பூச்சுக்குச் செலவு செய்தவர்களே இதை நன்கு அறிவர்.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொதுக் கிடங்கு கட்ட வரைபடம் வரும்போது, தரை வழவழப்பையும் கதவின் அகலத்தையும் மட்டும் பார்த்துக் கையொப்பமிடுதல் தகாது. தரையோரத்தில் காற்று நுழையவும் கூரையடியில் வெளியேறவும், எதிரெதிர்ச் சுவர்களில், மூடித் திறக்கும் பலகையோடு துவாரங்கள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். எலி நுழையாதபடி கம்பிவலையும் தேவை. அதிகாலையில் அவற்றைத் திறந்து, வெயில் ஏறுமுன் மூடும் பொறுப்பு இன்னாருடையது என்பதையும் அப்போதே எழுதிவைத்தல் நலம். கிடங்குச் சாவி பெரும்பாலும் காலை பத்து மணிக்கு முன் கிடைப்பதில்லை.