தீட்டியது யார், அழிப்பது யார்?

2025 மார்ச்சில் வாஷிங்டன் 16-ஆம் தெருவில் சாலையைப் பெயர்த்தார்கள். வெள்ளை மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில், 35 அடி மஞ்சள் எழுத்துகளில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்று 2020 ஜூனில் எழுதிய இடம் அது. எழுத வைத்தவர் மேயர் மியூரியல் பவுசர். அகற்ற வைத்தவரும் அவரே. மத்தியப் போக்குவரத்து நிதியை நிறுத்துவோம் என்று காங்கிரஸில் மசோதா வந்தபின் அவருக்கு வேறு வழி இருந்ததா என்பதை அரசியல் பத்திரிகைகள் பேசட்டும். சுவரோவியம் தீட்டும் நம் தொழிலுக்கு உறைக்க வேண்டியது வேறு. எழுத்து காயும் முன்பே, இது கண்துடைப்பு என்று அதே பெயர் கொண்ட இயக்கத்தின் உள்ளூர்க் கிளை சொல்லிவிட்டது. மறுநாளே போராட்டக்காரர்கள் பக்கத்தில், போலீஸ் நிதியை வெட்டு என்ற கோரிக்கையையும் அதே மஞ்சளில் எழுதினார்கள். அரசு தந்த சுவர் அரசின் சுவர்தான்.

அப்படியானால் தெருவே தந்த சுவர்? சிகாகோவின் தெற்குப் பகுதியில், 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் கூடும் முனையில், 1967 ஆகஸ்டில் வில்லியம் வாக்கரும் தோழர்களும் ஒரு பழைய கட்டடத்தில் தீட்டிய ‘வால் ஆஃப் ரெஸ்பெக்ட்’ நம் துறைக்கு ஆதி உதாரணம். அவர்கள் சம்மதம் கேட்டது நகர நிர்வாகத்திடம் அல்ல, அக்கம்பக்கத்தாரிடம். மால்கம் எக்ஸ், முகம்மது அலி, நீனா சிமோன் எல்லாம் அந்தச் சுவரில் இருந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் இல்லை. யார் நாயகர் என்பதைக்கூட அந்த வட்டாரத்தின் மனநிலைதான் முடிவு செய்தது.

இந்தக் கதையை நாம் இனிப்பாகவே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அந்தச் சுவரில் அரசியல் தலைவர்கள் பகுதியை வரைந்தவர் நார்மன் பாரிஷ். சீக்கிரமே, அவர் சம்மதம் இல்லாமலே, அதன்மேல் வெள்ளை அடிக்கப்பட்டது. யூஜின் ‘ஈடா’ வேட் புதிதாகத் தீட்டினார். வெள்ளை அடிக்க வைத்தவர் வாக்கர். தெருவில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். குழு உடைந்தது. தெருவுக்குச் சுவர்மேல் உரிமை உண்டு என்று சொல்பவர்கள் பாரிஷுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். கட்டடம் 1971-ல் தீக்கு இரையாகி, பின் இடிக்கப்பட்டது.

சட்டம் கைகொடுக்குமா? பாதிதான். அமெரிக்காவின் 1990 காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின் கீழ், நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் கட்டடத்தின் ஓவியச் சுவர்களை 2013-ல் இரவோடிரவாக வெள்ளையடித்த உரிமையாளர் 67.5 லட்சம் டாலர் தரவேண்டும் என்று 2018-ல் தீர்ப்பானது. ஆனால் அந்தச் சட்டத்தின் கண்ணில் கலைஞர் உண்டு. அந்தத் தெருவில் குடியிருப்பவர் இல்லை.

மினியாபொலிஸ் நல்ல வழி ஒன்றைக் காட்டியது. ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பின் கடை ஜன்னல்களில் அறைந்த பிளைவுட் பலகைகளில் படங்கள் பெருகின. கடைகள் திறந்ததும் குப்பைக்குப் போகவிருந்த பலகைகளைக் கறுப்பின மக்களே திரட்டிப் பாதுகாத்தார்கள். இன்று கண்காட்சிக்கு எடுத்துவருவதும் அவர்களே. பராமரிப்பவர் கையில் முடிவும் இருக்கிறது.

நமக்கு வரும் ஒப்பந்தங்களில் பிரைமர், சாரம், மேற்பூச்சு என்று எல்லாவற்றுக்கும் வரி உண்டு. மாற்றவும் அழிக்கவும் யாரைக் கேட்க வேண்டும், எத்தனை நாள் முன்னறிவிப்பு, தெருக்காரர் சார்பில் யார் கையெழுத்திடுவார் என்பதற்கு வரியே கிடையாது. அடுத்த வேலைக்கு ஸ்கெட்ச் கொடுக்குமுன் அந்தப் பத்தியை எழுதிக் கேளுங்கள். தர மறுப்பவரின் சுவருக்கு ஏணி சாத்த வேண்டாம்.